ஒரே கை, இரண்டு குழாய்

"யாரைக் கேட்டு ஒரே ரத்தத்தை ரெண்டு பேர்ல குடுத்தீங்க?"

ஆய்வகத் தலைவர் உட்காரச் சொல்லவில்லை. மேசையில் இரண்டு அறிக்கைகள் கிடந்தன. ஒன்று அவள் பெயரில், 318. மற்றது அவள் நாத்தனார் பெயரில், 236.

"என் ரத்தம்தானே ஐயா. ஒரு குழாய மேல் மாடியில குடுத்தேன், இன்னொண்ண கீழ."

"இதுக்குப் பேரு மோசடி."

"என் ரத்தத்தை வச்சு நானே என்னை ஏமாத்திக்கிட்டேனா?"

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். இரண்டு வருடமாக அட்ரினல் சுரப்பி படுத்துவிட்டது. உடம்பு எழுந்து நிற்கத் தேவையான கார்டிசாலை மாத்திரையாகத்தான் விழுங்குகிறாள். மாத்திரை இல்லாத நாளில் ஒரு காய்ச்சல் வந்தால் போதும், ஆளையே சாய்த்துவிடும். ரத்தத்தில் கார்டிசால் அளவு 318 என்றிருந்த அறிக்கையைப் பார்த்துவிட்டு டாக்டர், "முந்நூறுக்கு மேல போயிடுச்சு, சுரப்பி முழிச்சிக்கிச்சு. திங்கட்கிழமையிலேருந்து மாத்திரை வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். 236ஐக் காட்டலாமென்றால் அது நாத்தனாருடைய நோயாக அல்லவா இருக்கிறது!

இரண்டு குழாய் என்பது, இதே நோயுள்ளவர்கள் கணினித் திரையில் கூடும் ஒரு குழுவின் யோசனை. ஆறு நாடுகள். தலைமை ஒரு கப்பல் சமையற்காரர். எல்லாருக்கும் அதே சுரப்பி, அதே மாத்திரை. எந்த மெஷினில் எந்த எண் வந்தாலும் அறிக்கையில் அச்சான எல்லை மட்டும் ஒரே முந்நூறு. பிழை திருத்துகிறவள் கண்ணுக்குத்தான் அது முதலில் பட்டது. "ஆளுக்கு ஒரு கை, ரெண்டு குழாய், ரெண்டு மெஷின். அளந்து பாத்துடுவோம்" என்றார் சமையற்காரர். அளந்தார்கள். அட்டவணை போட்டு ஆய்வகங்களுக்கும் அனுப்பினார்கள். அதில் இந்த ஆய்வகம் கடைசி வரிசை. வித்தியாசம் இங்கேதான் அதிகம்.

"ரத்தம் எடுத்தது எவ? எங்க கவுன்டர் பொண்ணா? அவளை இன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடறேன்."

கதவு படாரென்று திறந்தது. வெளியே நாற்காலியில் முனகிக்கொண்டிருந்த நாத்தனார் உள்ளே வந்து நின்றாள்.

"நான்தான் எடுத்தேன். கால்நடை ஆஸ்பத்திரியில இருபத்தாறு வருஷ சர்வீஸ்."

"மாட்டுக்கு ஊசி போடற கையாலயா?"

"மாடு உங்கள மாதிரி கத்தாது சார்."

தலைவர் முகம் சிவந்தது. அவள் நாத்தனாரை முறைத்தாள். நாத்தனார் திருப்பி முறைத்தாள்.

"ரெண்டும் வேற வேற கம்பெனி மெஷின். மேல இருக்கறது கூடத்தான் காட்டும். இது தெரியாம ஆறு நாடு கூடி மாநாடு போட்டீங்களாக்கும்?"

"தெரிஞ்சும் அதை ஏன் ஐயா காகிதத்துல போடல?"

"போட்டா ஆளாளுக்கு வந்து கேள்வி கேப்பீங்க."

இதையே கேட்டு அவள் இவருக்குப் பதினோரு கடிதம் எழுதியிருக்கிறாள். பதினொன்றுக்கும் இவர் அனுப்பிய பதில் ஒரே ஒரு சொல்: பார்க்கலாம்.

தலைவர் குரலைத் தாழ்த்தினார். "சரி. உங்க ஒருத்தருக்கு எழுதித் தரேன். என்ன மெஷின், அதுக்கு என்ன எல்லைன்னு. உங்க டாக்டர் மாத்திரைய நிறுத்த மாட்டார். ஆனா அந்த அட்டவணையிலேருந்து எங்க பேரை எடுத்துடணும்."

"வாங்கிக்கோங்க அண்ணி. ஊர்ப் பாரத்தையெல்லாம் நீங்களா சுமக்கணும்?" என்றாள் நாத்தனார்.

திங்கட்கிழமைக்கு மூன்றே நாள். கவுன்டர் வரிசையில் குழாயோடு நின்றவர்களின் முகங்கள் கண்முன் வந்தன. முந்நூற்றைத் தாண்டிவிட்டது என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போய் மாத்திரையைக் குப்பையில் போடப் போகிறவர்கள்.

"முதல்ல எழுதுங்க ஐயா. தேதி போட்டு."

அவர் எழுதினார். 'மேல் மாடி இயந்திரம். இதற்கு எல்லை 380. எனவே 318 குறைவு.' கையெழுத்து. முத்திரை. மை காய்வதற்குள் நாத்தனார் காகிதத்தை எடுத்து மடித்துத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

"அட்டவணை?" என்றார் தலைவர்.

அவள் கதவருகில் நின்று திரும்பினாள். "பார்க்கலாம் ஐயா."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரமானது. புரிந்ததும் நாற்காலி பின்னால் சாய எழுந்தார். "ஏய்! அந்தக் காகிதத்தைக் குடு! நீங்க ரெண்டு பேரும் இனிமே இந்தப் படியேறக் கூடாது!"

படியிறங்கும்போதே அவள் காகிதத்தை வாங்கி, கைப்பிடிச் சுவரில் விரித்துப் படமெடுத்தாள். ஒரு படம் டாக்டருக்கு. ஒரு படம் கப்பல் சமையற்காரருக்கு. 'கடைசி வரிசை, ஆதாரத்தோடு' என்று தட்டச்சு செய்தாள்.

"இனிமே ரத்தம் குடுக்க எந்த ஊருக்குப் போவீங்க?" என்றாள் நாத்தனார்.

"தெரியல."

"தெரியலையாம்! என் பேர்ல எழுதி வச்ச நோயை எவன் வந்து எடுப்பான்? அதுக்கும் ஆறு நாட்டைக் கூட்டுங்க."

"வாயை மூடிட்டு நட."

"நடக்கறேன். மத்தியான மாத்திரைய முழுங்கினீங்களா இல்லையா?"