அட்டவணையில் இருந்த குடும்பம்

பாதுகாப்பு ஆய்வறிக்கையின் நான்காம் அத்தியாயத்தில் இருந்த குடும்பம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குக் கிடங்கின் வேலியோரம் குடிவந்தது. அப்பா, அம்மா, இருபது வயது மகள். கதிரியக்கக் கழிவுகளைக் கான்கிரீட் அறைகளில் பூட்டிவைத்திருக்கும் அந்தக் கிடங்கால் யாருக்காவது தீங்கு வருமா என்று பார்க்க, வேலியை ஒட்டி ஒரு குடும்பம் வசிப்பதாக வைத்துக்கொண்டு கணக்குப் போடுவது வழக்கம். அவர்களுக்கே ஆபத்தில்லை என்றால் ஊரில் வேறு யாருக்கும் இல்லை. அறிக்கையை எழுதிய ஆய்வாளரம்மா, அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுபோல எதையும் கூட்டியே வைத்திருந்தார். ஆளுக்கு நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் கிணற்றுத் தண்ணீர். தோட்டத்தில் விளையும் காய்கறி மட்டும். வருஷத்தின் எட்டாயிரத்து எழுநூற்று அறுபது மணி நேரமும் அதே இடம்.

வாசல் காவலாளி பதிவேட்டில் ‘ஊர்’ என்ற கட்டத்தில் ‘அத்தியாயம் நான்கு’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். வந்தவர்கள் எழுதியபடியே வாழ்ந்தார்கள். அப்பா வருஷத்துக்கு நூற்றெண்பது கிலோ காய்கறியை முனகிக்கொண்டே தின்று தீர்த்தார். ஆய்வாளரம்மா ஜன்னலைப் பற்றி ஒரு வரியும் எழுதாததால் வீட்டில் ஜன்னலே இல்லை. திருத்தப் பதிப்பில் இரண்டு சேர்த்தார். மறுநாள் வெளிச்சம் வந்தது. நன்றி சொன்ன கையோடு அந்தக் குடும்பத்து அம்மா ஒரு குறையும் சொன்னார். “இவ்வளவு யோசிச்சு எழுதினவங்க, ஒரு சினிமாவுக்குப் போயிட்டு வர நேரம் விடலையே அக்கா. பஸ் ஸ்டாப் பக்கம் போனா பதினாலாவது அடியில கால் தானா திரும்பிடுது.”

வேலியில் தொங்கும் கதிர்வீச்சு அளக்கும் பட்டைகளை மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாற்ற, இரண்டு மணி நேரத் தொலைவிலிருந்த நகரத்திலிருந்து ஒரு டெக்னீஷியன் வருவான். மகளைப் பார்த்த பிறகு மாதம் ஒரு முறை வந்தான், பிறகு வாரம் ஒரு முறை. மூன்றாம் வருஷத்தில் தினமும் வந்தான். உலகத்தில் எந்த வேலியும் அவ்வளவு அக்கறையாக அளக்கப்பட்டதில்லை. அளவு எப்போதும் அனுமதித்ததில் நூறில் ஒரு பங்குக்கும் கீழேதான். அவன் லிப்ட், மேம்பாலம், ஜனக்கூட்டம் என்று சொல்லச் சொல்ல, அவள் அவனைக் கட்டிக்கொண்டு அங்கே போய் வாழ வேண்டும் என்று முடிவு செய்தாள். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சம்மதம். கால்தான் சம்மதிக்கவில்லை.

அட்டவணையில் மகளுக்கான வரியையே எடுத்துவிட்டால் விடுதலை கிடைக்கும் என்று ஆய்வாளரம்மா நினைத்தார். ஒரு மத்தியானம் அதை நீக்கிப் பார்த்தார். வேலியோரம் செருப்பு மட்டும் நடந்துபோவதைப் பார்த்துவிட்டு, டெக்னீஷியன் கையிலிருந்த பட்டைகளைப் போட்டுவிட்டு ஆய்வாளரம்மாவின் அலுவலகத்துக்கு ஓடிவந்தான். வரியைத் திரும்பச் சேர்த்ததும் செருப்புக்கு மேலே அவளும் வந்தாள். “என்னைப் போக விடுங்கன்னுதானே சொன்னேன். இல்லாமயே ஆக்கிடுங்கன்னா சொன்னேன்?” என்று கேட்டாள். ஆய்வாளரம்மா சாப்பிடக்கூடப் போகாமல் அட்டவணையைத் திரும்பத் திறந்தார். மகளை வேறொரு கட்டத்துக்கு மாற்றி எழுதினார்: விருந்தாளி, வருஷத்துக்கு நாற்பது மணி நேரம். ஆனால் எண்ணைக் குறைக்கும் திருத்தம், கிடங்கின் உரிமத்தைப் புதுப்பிக்கும் குழு ஒப்புக்கொண்டால்தான் நிலைக்கும்.

குழுவின் தலைவருக்கு ‘இன்னும் கொஞ்சம்’ என்று பட்டப்பெயர். எந்த எண்ணைக் காட்டினாலும் இன்னும் கொஞ்சம் கூட்டிவைத்துப் பார்க்கச் சொல்வார். குறைத்த எண்ணை அவர் ஆயுளில் ஒப்புக்கொண்டதில்லை.

“பொண்ணுக்குக் கல்யாணம்னா சந்தோஷம்தான்மா,” என்றார். “ஆனா அவ பங்கு ரெண்டு லிட்டரை யார் குடிப்பா?”

“நீங்க குடிங்க சார்,” என்றார் ஆய்வாளரம்மா. மூன்று வருஷப் பொறுமை அத்தோடு தீர்ந்திருந்தது.

 தலைவர் பேனாவை மூடினார். அவர் ஓய்வுபெற மூன்று வாரம் இருந்தது.

“தண்ணி எப்படி இருக்கும்?”

“கொஞ்சம் உப்பு. பழகிடும்.”

மகளின் இடத்தில் தலைவரே வேலியோரம் குடியேறுவதற்கான சம்மதக் கடிதத்தை, அவர் மனைவி படிக்காமலே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். மனுஷன் ஓய்வுபெற்று வீட்டிலேயே இருந்துகொண்டு தினமும் குழம்பைத் திருத்தப்போகிறார் என்ற பயத்தில் இருந்தவர் அவர். ஒரு மாதம் போனதும் மனசு கேட்காமல் அவரும் பெட்டியோடு வேலியோரம் வந்து சேர்ந்தார். ஒருத்தி போய் இருவர் வந்ததில் கணக்கு முன்னைவிடக் கூடியிருந்தது. உரிமம் புதுப்பிக்கப்பட்டது.

கல்யாணம் வேலியோரமே நடந்தது. பெண் பதினான்காவது அடியைத் தாண்டினாள், பதினைந்தாவதையும் தாண்டினாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். இப்போது வருஷத்துக்கு இரண்டு முறை கணவனோடு வருகிறாள். இரண்டாவது முறை வரும்போது நாற்பது மணி நேரம் முடிந்து கால் தானாக வாசலைப் பார்த்துத் திரும்பும். அப்போது அம்மா அலுவலகத்துக்குப் போன் செய்து, பெண்ணும் மாப்பிள்ளையும் இன்னும் இரண்டு நாள் இருக்கட்டுமே என்பார். ஆய்வாளரம்மா அட்டவணையைத் திறந்து நாற்பதை எண்பத்தெட்டு ஆக்குவார். முன்னாள் தலைவர் தோட்டத்தில் கத்தரிக்காய் பறித்தபடியே, இன்னும் கொஞ்சம் கூட்டிவைக்கச் சொல்வார்.