காகம் என்று குறிக்கப்பட்ட அதிகாரி

கிடங்கின் பாதுகாப்பு அதிகாரி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் தரையை விட்டு ஒரு சாண் உயர்ந்தார். அதே வாரம் தக்காளி விலையும் உயர்ந்ததால் தெருவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை. காரணம் அவர் மனைவிக்கு மட்டும் தெரியும். அவரைக் காகமாக்கியவளே அவள்தான்.

ஊரார் அவருக்கு வைத்த பெயர் கோட்டை. கிடங்கைக் காக்கும் ட்ரோன்களை எந்தக் கொம்பனாலும் ஏமாற்ற முடியாது என்று முடிவெட்டும் கடையில்கூட மார்தட்டுவார். அந்த ட்ரோன்களுக்குப் பாடம் சொல்லும் வேலையை மனைவி வீட்டிலிருந்தே பார்த்தாள். கிடங்கு முற்றத்தின் படங்கள் வரும். எது மனிதன், எது லாரி, எது காகம் என்று கட்டம் போட்டுக் குறித்து அனுப்ப வேண்டும். ட்ரோன்களுக்கு அதுதான் வேதவாக்கு. ஒருநாள் கொட்டும் மழையில் காய்கறிப் பையோடு வந்தவளைப் புதிதாகப் பொருத்திய பூட்டு உள்ளே விடவில்லை. “பாஸ்வேர்டு சொல்லு” என்றார் கோட்டை, உள்ளிருந்தே. “நான்தாங்க, உங்க பொண்டாட்டி!” “பொண்டாட்டியா இருந்தாலும் நம்பக்கூடாது. அதான் பாதுகாப்போட முதல் விதி.” பாஸ்வேர்டை அன்று காலையில் மாற்றியவர் அவளிடம் சொல்ல மறந்திருந்தார். தொப்பலாக நனைந்து, வயிறெரிந்து, ஒருவழியாக உள்ளே போனவள் கம்ப்யூட்டரைத் திறந்து, கணவர் இருந்த படங்கள் அத்தனையிலும் காகம் என்று குறித்துத் தள்ளினாள்.

அதற்குப் பிறகு ட்ரோன்கள் அவரைக் கண்டாலே அலறி விரட்டின. கோட்டை அசருகிற ஆளா? எவனோ வெளியிலிருந்து புகுந்துவிட்டான் என்று ட்ரோன்களின் சிக்னலுக்குக் காவல் போட்டார், கட்டளைகளை ரகசியக் குறியீட்டில் பூட்டினார், பொய்ச் சிக்னலைப் பிடிக்க ஒரு கருவி வாங்கி அதைக் காக்க இன்னொரு கருவியும் வாங்கினார். யாரும் தொட முடியாத அந்தப் பாதுகாப்புக்குள் ட்ரோன்கள் நிம்மதியாக அவரைக் காகம் என்றே நம்பின. நம்பிய நம்பிக்கையில் அவர் காலும் தரையை விட்டது, தோளில் இரண்டு கறுப்பு இறகும் முளைத்தன. பாடம் சொன்ன இடத்தை மட்டும் அவர் எட்டிப் பார்க்கவில்லை. கதவைத் திறக்க மனைவியை நம்பாத மனுஷர், சந்தேகப்படும் அளவுக்குக்கூட அவளை மதிக்கவில்லை.

அப்போதுதான், திங்கட்கிழமை முதல் முற்றத்துக்குள் வரும் பறவைகளை ட்ரோன்களே சுட்டு வீழ்த்தலாம் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. யோசனை சொன்னவர் சாட்சாத் கோட்டைதான். அவள் உத்தரவை இரண்டு முறை படித்தாள். கோபம் கோபம்தான், அதற்காக ஆளைச் சாகவா விட முடியும்? இதற்குள் சீலிங் ஃபேன் உயரத்துக்குப் போயிருந்தவரை அண்ணாந்து பார்த்து, அழுதபடியே எல்லாவற்றையும் கொட்டினாள்.

“நீயா?”

“ஆமா, நானேதான். இப்பவாவது என்னையும் ஒரு ஆளா நினைச்சீங்களே!”

கோட்டை தோளிலிருந்த இறகைத் தடவிப் பார்த்தார். பிறகு, “தப்பு எம்மேலதாம்மா. மனுஷன்னு மாத்திடு” என்றார்.

ஞாயிறு முழுக்க உட்கார்ந்து திருத்தினாள். திங்கட்கிழமை ட்ரோன்கள் அவரை ஒழுங்காக மனிதன் என்று கண்டுகொண்டு வழிவிட்டன. இறகுகள் உதிர்ந்தன. கால் மட்டும் தரையைத் தொடவில்லை, அரைச் சாண் மிச்சமிருந்தது. “ஒரே ஒரு படத்தை மட்டும் அப்படியே விட்டு வச்சிருக்கேன். எனக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டாமா?” என்றாள். எந்தப் படம் என்று கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை. இன்றும் அப்படியேதான் நடமாடுகிறார். வீடு கூட்டும்போது காலைத் தூக்கச் சொல்லும் வேலை அவளுக்கு இனி இல்லை.