பக்தவத்சலம் மாற்றி ஓட்டிய படம்

என் அப்பா ஜம்புலிங்கத்துக்குப் பட்டாளத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் சினிமாவில் பார்த்ததுதான். பட்டாளத்துக்காரன் என்றால் பாட்டுப் பாடுவான், குண்டடி பட்டுச் சாவான். எங்கள் தீவில் டெய்ரி ஃபார்ம் பேட்டைக்காரரான பட்டாளத்துச் சிவஞானம் லீவில் வந்து என்னைப் பெண் கேட்டபோது, "மங்கையர்க்கரசியை வெள்ளைப் புடவையில பாக்கவா பெத்தேன்?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார்.

"மாமா, நாங்க பாதி நாள் உருளைக்கிழங்குதான் சீவுறோம். மீதி நாள் ஈர சாக்ஸைக் காயவெச்சுக்கிட்டு, தபால் வருமான்னு உக்காந்திருக்கோம். இதையெல்லாம் எவன் படம் எடுப்பான்?" என்றார் சிவஞானம்.

"அரே, போப்பா! நான் பாக்காத பட்டாளமா!"

அப்பா ஆயுசில் துப்பாக்கியைத் தொட்டவரில்லை. வந்த ஆத்திரத்தில் அன்று ரசத்துக்கு நான் உப்பே போடவில்லை. அதையும் குடித்துவிட்டுப் போனார். அடுத்த கப்பலில் சிவஞானம் கிளம்பிவிட்டால், மறு லீவுக்குள் என்னை எவனாவது கான்ட்ராக்டர் மகனுக்குக் கட்டிவைத்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் ஊர் புரோத்ராபூர் மைதானத்தில் பட்டாளப் படம். மூங்கில்களுக்கு நடுவே திரைத்துணி கட்டி, அதன் இரண்டு பக்கமும் ஜனம். ஒரு பக்கம் சிவஞானம் இருப்பதைப் பார்த்ததும் அப்பா என்னை மறுபக்கம் இழுத்துக்கொண்டு போனார்.

கப்பலிலிருந்து இறக்கும்போது படப்பெட்டிக்குள் கடல்தண்ணீர் புகுந்து, ரீல் டப்பாக்களின் நம்பர் சீட்டெல்லாம் உரிந்துபோயிருந்தது. ஆபரேட்டர் பக்தவத்சலம் குத்துமதிப்பாக எடுத்து ஓட்டினார். எங்களுக்கு இது பழக்கம்தான். கதையை வீட்டுக்குப் போகிற வழியில் ஒழுங்காக அடுக்கிக்கொள்வோம்.

ஆகவே கதாநாயகன் முதலிலேயே செத்தான். அப்பா துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். "பாத்தியா, நான் சொல்லல?" என்று என்னிடம் வேறு.

அடுத்த ரீலில் அதே ஆள் உயிரோடு, மீசையை முறுக்கிக்கொண்டு பெண் கேட்க வந்தான். பெண்ணின் அப்பன், பட்டாளத்தானுக்குப் பெண் கிடையாது என்று துரத்தினான். அவன் சாகப்போவது எங்களுக்குத் தெரியும், அந்த அப்பனுக்குத் தெரியாது. மைதானமே கொதித்தது.

அப்பா எழுந்தே நின்றுவிட்டார். "அடப் பாவி மனுஷா! அவன் இருக்கப்போறதே கொஞ்ச நாள்! அந்த நாளாவது ரெண்டும் சந்தோஷமா இருக்கக் கூடாதா? நீயெல்லாம் ஒரு அப்பனா?"

எங்கள் வீட்டு விஷயம் ஊருக்கே தெரியும். கை தட்டினார்கள், பிறகு விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு அழுகைதான் வந்தது.

"யாரைப்பா வையறீங்க?" என்றேன்.

அப்பா திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உட்கார்ந்தார், மறுபடி எழுந்தார். விடுவிடுவென்று திரையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். துணிக்கு அப்பாலிருந்து குரல் மட்டும் கேட்டது.

"சிவஞானம், கப்பல் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை மாமா."

"அப்ப புதன்கிழமை கல்யாணம்." அப்பா மூக்கை உறிஞ்சினார். "டேய், நீ செத்துகித்துப் போயிட மாட்டேல்ல?"

"சத்தியம் பண்ண முடியாது மாமா. ஆனா புதன்கிழமை கண்டிப்பா இருப்பேன்."

"அது போதும்டா," என்றார் அப்பா.

நான் பாதிப் பேர் காலை மிதித்துக்கொண்டு அந்தப் பக்கம் ஓடினேன்.