மூத்த மருமகளின் குரல்

திரையில் மூத்த மருமகள் பால் டம்ளரில் ஒரு பொடியைக் கலந்துகொண்டிருந்தாள். கலக்கி முடித்து, கட்டிலில் படுத்திருந்த மாமியாரைப் பார்த்து உதடு பிரியாமல் ஒரு சிரிப்பு சிரித்துவிட்டு, "குடிங்க அத்தை, குடிச்சாதானே தூக்கம் வரும்" என்பாள். அந்தச் சிரிப்பையும் அந்த ஒரு வரியையும் மைக்குக்குக் கொடுப்பதற்காக டப்பிங் அறையில் இவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நின்றாள். முதல் டேக்கில் உதட்டோடு பொருந்தவில்லை. அடுத்ததில் தொண்டை கட்டிக்கொண்டது. வெந்நீரை ஒரு வாய் குடித்துவிட்டு மறுபடி சொன்னபோது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த சவுண்ட் இன்ஜினியர் தன் முன்கையைத் தடவிக்கொண்டார். புல்லரிக்கிறது என்றும், இவள் வீட்டுக்காரர் எந்தத் தைரியத்தில் இவள் கையால் வாங்கிச் சாப்பிடுகிறாரோ என்றும் ஸ்பீக்கர் வழியாகக் கேட்டார். இவளும் சிரித்தாள். அந்தத் தொழிலில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

பல வருஷங்கள் இவள் குரல் கூட்டத்தில் ஒன்றாகத்தான் இருந்தது. கல்யாண வீட்டில் "வாங்க வாங்க" என்று வரவேற்கிறவள், ஆஸ்பத்திரியில் "டாக்டர் வந்துட்டாரு" என்கிற நர்ஸ், தீப்பிடித்தால் "ஐயோ ஓடுங்க" என்று அலறுகிற பத்துப் பேரில் மூன்று பேர். தொட்டிலில் அழும் கைக்குழந்தையாகவும் அழுதிருக்கிறாள். இந்தத் தொடரில் மூத்த மருமகளாக நடிக்கிறவருக்கு மொழி தெரியாது என்பதால் குரல் தேடினார்கள். வந்த பெண்களெல்லாம் வில்லி என்றதும் கத்தினார்கள். இவளும் முதலில் கத்தித்தான் பார்த்தாள். பிறகு என்ன தோன்றியதோ, குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகத் தரையில் வைப்பதுபோலச் சொன்னாள். அறையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அந்தக் குரல் தனக்குள் எங்கே கிடந்தது என்று இவளுக்கே தெரியவில்லை. அதற்குப் பிறகு மருந்துக் கடையில் வாய் திறந்தாலும் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். "நீங்க அவங்கதானே" என்று கேட்டு, ஆமாம் என்றதும் செல்லமாக நாலு திட்டு திட்டிவிட்டுப் போனார்கள். முகம் தெரியாத தொழிலில் இருந்த இவளுக்கு அந்தத் திட்டு இனித்தது.

இதையெல்லாம் ஊரெங்கும் தம்பட்டம் அடித்தது மாமியார்தான். அவர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஹலோ"வை வைத்தே ஆள் நல்லவனா, குடித்திருக்கிறானா, வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறானா என்று சொல்லிவிடுவேன் என்பார். முகத்தை மாற்றிக்கொள்ளலாம், குரலை மாற்றவே முடியாது என்பது அவர் கட்சி. மருமகளின் வேலை அந்தக் கட்சிக்கு நேர் எதிரானது என்பதில் இருவருக்கும் ஒரு விளையாட்டு இருந்தது. சாயங்காலம் இருவரும் சேர்ந்து தொடர் பார்ப்பார்கள். மூத்தவள் ஏதாவது சதி செய்தால், மாமியார் திரையைப் பார்க்காமல் பக்கத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருக்கும் மருமகளைப் பார்த்து, "இன்னிக்கு ரொம்பத்தான் ஆடிட்ட" என்பார்.

பிறகு அவர் கண் போனது. கண்ணுக்குள் அழுத்தம் கூடிக் கூடி நரம்பு கெட்டுவிட்டது, போனது போனதுதான், மிச்சத்தையாவது காப்பாற்றுவோம் என்று டாக்டர் சொன்னார். மிச்சமும் நிற்கவில்லை. ஜன்னல் பக்கம் வெளிச்சம், கதவுப் பக்கம் இருட்டு என்ற அளவுக்கு வந்து நின்றது. லிஃப்ட் மெக்கானிக்கான மகன், குளியலறைச் சுவரில் கைப்பிடி வைத்தான், நாற்காலியின் கூர்முனைகளுக்கு ரப்பர் ஒட்டினான். சொட்டு மருந்தும் மாத்திரையும் இவள் பொறுப்பு. தொடர் மட்டும் நிற்கவில்லை, சாயங்காலம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. மத்தியானம் மறுஒளிபரப்புக்கு மாடி வீட்டுக்காரி வந்து உட்கார்ந்து, திரையில் நடப்பதை வாயால் சொல்லுவாள். அவளுக்குச் சொல்லச் சொல்ல உற்சாகம் ஏறும். தொடர் முடிந்தாலும் எழுந்து போகாமல் கைப்பேசியில் வந்த வீடியோக்களைப் போட்டுக் காட்டுவாள். கண் தெரியாதவருக்குக் காட்டுவதாவது, கேட்க வைப்பாள். பெரும்பாலும் எங்கோ ஒரு மருமகள் செய்த காரியமாகத்தான் இருக்கும். பின்னணியில் திகில் இசை, நடுங்குகிற குரலில் ஒருவர், கடைசியில் உங்கள் வீட்டிலும் நடக்கலாம் என்ற எச்சரிக்கை.

பால் டம்ளர் காட்சி ஒளிபரப்பான வாரம். இவள் வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, வழக்கம்போல் மாமியாருக்குப் பால் எடுத்துப் போனாள். "இந்தாங்க அத்தை, சூடா இருக்கு, பாத்து" என்றாள். மாமியார் டம்ளரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். விளிம்பை விரலால் ஒரு சுற்று தடவினார்.

"நீ முதல்ல ஒரு வாய் குடி."

இவளுக்குச் சிரிப்பு வந்தது. பழைய விளையாட்டின் தொடர்ச்சி என்றே நினைத்தாள். மூத்தவள் மாதிரி ஒரு பதில் சொல்ல வாயெடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். அதில் விளையாட்டு இல்லை. ஒரு வாய் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்தாள். மாமியார் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத்தான் குடித்தார்.

கணவனிடம் சொன்னாள். வயசாகிவிட்டது, கண்டுகொள்ளாதே என்றான். அம்மாவிடம் அவனும் கேட்டிருப்பான் போல. மாமியாருக்கு எல்லாம் தெரியும். அது நடிப்பு, இது வீடு என்று நன்றாகவே தெரியும். தெரிந்து என்ன பிரயோஜனம்? முகம் இருந்தவரை இரண்டு பேர் இருந்தார்கள், திரையில் ஒருத்தி, பக்கத்தில் கீரை ஆய்கிறவள். முகம் அழிந்ததும் மிஞ்சியது ஒரே குரல். அது சாயங்காலம் டிவியிலிருந்து ஒரு கிழவியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் சமையலறையிலிருந்து சாப்பிட வாங்க என்று கூப்பிட்டது. இப்படி யோசித்தபோது இவளுக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. ஆனாலும், தட்டில் வைத்ததைத் தடவித் தடவிப் பார்த்து அவர் சாப்பிடும்போது உள்ளே சுருக்கென்றது.

வீட்டில் குரலை மாற்றுவது என்று இவள் முடிவு செய்தாள். அதுதானே தொழில். மேலே ஏற்றி, மென்மையாக்கி, வாக்கியத்தின் முடிவில் ஒரு சின்னக் குழைவு கொடுத்தாள். "அத்தை, மெதுவா எழுந்திரிங்க, நான் இருக்கேன்ல." சில நாட்கள் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே ஏதோ சொன்னபோது திடுக்கிட்டாள். அது தொடரில் வரும் இளைய மருமகளின் குரல். எதையும் பொறுத்துப்போகும், அழுதுகொண்டே சிரிக்கும் அந்த நல்லவளுக்கு வேறொரு பெண் கொடுக்கும் குரல். அப்படியானால் என்னுடையது எது என்று யோசித்துப் பார்த்தாள். கல்யாணத்துக்கு முன் அம்மாவிடம் பேசியது, கணவனிடம் முதன்முதலில் பேசியது எதுவும் காதில் வரவில்லை. இந்த மென்மைக்கும் பலன் இல்லை. மாமியார் முன்பைவிட ஒடுங்கிப்போனார். இவள் பேசினால் தலையைச் சாய்த்து, பேச்சுக்குப் பின்னால் இன்னொருவர் நிற்கிறாரா என்று பார்ப்பதுபோலக் கேட்டார்.

ஒருநாள் காலையில் மாமியார் கண் அழுத்த மாத்திரையைப் போட மாட்டேன் என்றார். ஏன் என்று இவள் கேட்டாள். வாயை இறுக மூடிக்கொண்டார். இவள் கெஞ்சினாள், கொஞ்சினாள், டாக்டர் சொன்னதைச் சொன்னாள், குரலில் இன்னும் கொஞ்சம் தேனைக் குழைத்தாள். ஸ்டூடியோவுக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. உள்ளங்கையில் மாத்திரை வியர்வையில் கரைய ஆரம்பித்தது. என்ன நடந்தது என்று பின்னால் எத்தனை யோசித்தும் தெரியவில்லை. தொண்டை தானாக இறங்கியது. சொற்கள் ஒவ்வொன்றாகத் தரையில் விழுந்தன.

"வாயைத் திறங்க அத்தை. நான் ரெண்டாவது தடவை சொல்ல மாட்டேன்."

மாமியார் வாயைத் திறந்தார். மாத்திரையை விழுங்கினார். தண்ணீர் தாடையில் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை.

உள்ளறையில் சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவன் குரல் கொடுத்தான். "காலங்காத்தாலயே அந்த சீரியலா? டிவிய கொஞ்சம் குறைச்சு வைம்மா."

டிவி ஓடவில்லை. அறையில் இருந்த இரண்டு பெண்களும் அதைச் சொல்லவில்லை.

இதைவிட மோசமானது அடுத்த நாள் நடந்தது. மறுபடி மாத்திரை வேண்டாம் என்றதும், இவள் கொஞ்சமும் கோபப்படாமலே அந்தக் குரலை எடுத்தாள். உடனே வேலை முடிந்தது. அதற்கடுத்த நாளும் அப்படித்தான். எவ்வளவு சுலபம் என்று ஒரு கணம் நிம்மதியாகக்கூட இருந்தது. அந்த நிம்மதிதான் பிறகு உறுத்தியது. பஸ்ஸில் போகும்போது இறங்கவேண்டிய இடத்தைத் தவறவிட்டு, திரும்பி நடந்து போனாள்.

அத்தையை ஒருநாள் ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போகிறேன் என்று கணவனிடம் சொன்னாள். கண் தெரியாதவரை அங்கே கூட்டிக்கொண்டு போய் என்ன காட்டப்போகிறாய் என்று கேட்டான்.

"காட்டறதுக்கு இல்லைங்க. கேக்கறதுக்கு."

மாமியார் வர மாட்டார் என்றுதான் நினைத்தாள். ஆனால் அவர் எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டிப்போன மாதிரி கஞ்சி போட்ட பருத்திப் புடவை கட்டிக்கொண்டு, கைப்பையோடு காத்திருந்தார். வாடகைக் காரில் போனார்கள். ஸ்டூடியோவில் இன்ஜினியர் எழுந்து நின்று, தன் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, ஹெட்போனை மாட்டிவிட்டார். அது காதில் உட்கார்ந்ததும் அவர் முதுகு தானாக நிமிர்ந்தது. கனமான கதவை மூடிக்கொண்டு இவள் மைக் முன்னால் போய் நின்றாள்.

முதலில் சில்லறை வரிகள். ஒன்றில் தடுமாறினாள், இருமினாள், மன்னிப்புக் கேட்டாள், மறுபடி சொன்னாள். கண்ணாடி வழியாக மாமியாரின் முகம் மெல்லத் தளர்வதுபோலத் தெரிந்தது. அப்படி நினைத்ததுமே அடுத்த காட்சி வந்தது. பார்க்க வந்த உறவுக்காரர்கள் முன்னால், படுக்கையில் இருக்கும் மாமியாரை மூத்தவள் தாங்கித் தாங்கிப் பேசுகிறாள். எல்லாம் பொய் என்று பார்க்கிறவர்களுக்குப் புரிய வேண்டும். இவள் சொல்லிப் பார்த்தாள். இன்ஜினியர் மறுப்பாகத் தலையாட்டினார்.

"இல்லம்மா, நிஜமா பாசமா இருக்கிற மாதிரி இருக்கு. இன்னும் கொஞ்சம் பொய்யா குடுங்க. ரொம்ப நல்லவளா காட்டிக்கிற மாதிரி."

இவள் மூச்சை இழுத்து, குரலை மேலே ஏற்றி, முடிவில் ஒரு குழைவு கொடுத்தாள். "அத்தை, மெதுவா எழுந்திரிங்க, நான் இருக்கேன்ல..." பாதியில் நின்றுவிட்டது. வசனத்தில் இருந்தது வேறு சொற்கள். இது வாயில் தானாக வந்த வீட்டுச் சொற்கள், வீட்டுக் குரல். இன்ஜினியர் விஷயம் புரியாமல், குரல் பிரமாதம், வசனம்தான் மாறிப்போச்சு என்றார். அவர் பக்கத்தில் மாமியார் இரண்டு கைகளாலும் ஹெட்போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் நடுவில் கண்ணாடி இருந்தது. அவருக்கு அது தெரியாது. நேராக இவள் முகம் இருக்கும் இடத்தைப் பார்ப்பதுபோல இருந்தது.

அந்தக் காட்சியை எப்படியோ முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தாள். திரும்பும்போது கார் ஒரு பெரிய சந்திப்பில் சிக்கிக்கொண்டது. வெயில், ஹாரன் சத்தம். டிரைவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு என்ஜினை அணைத்தார். சத்தம் அடங்கியதும் மாமியார் வாயைத் திறந்தார்.

"வீட்டுல என்கிட்ட பேசுறியே, அங்க குடுத்தது அதே குரல்தானே."

"ஆமா அத்தை."

"அதுதான் எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு. அந்த சீரியல்காரிய விட. அவ பேசினா அவ கோபம் தெரியுது. நீ பேசினா உள்ள எதையோ மூடி வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி இருக்கு."

நீங்கள் பயப்படக் கூடாது என்றுதான் அப்படிப் பேசினேன் என்று இவள் சொன்னாள். சொன்னதும் இன்னும் பொய்போலத்தான் கேட்டது.

மாமியார் இவள் பக்கம் முகத்தைத் திருப்பினார். "மாத்திரைக்கு அதட்டினியே. அது யாரு? அவளா, நீயா?"

மூத்தவள் என்று சொல்லிவிடலாம். வசதியான பதில், அவரும் ஒருவேளை நம்புவார். இவள் முன்னால் நின்ற வண்டிகளைப் பார்த்தாள்.

"நான்தான் அத்தை. முதல் நாள் கோபத்துல வந்துருச்சு. அப்புறம் வேணும்னேதான் செஞ்சேன்."

டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துக்கொண்டார். மாமியாரின் கை இருக்கையின் மேல் நகர்ந்து வந்தது. இவள் மணிக்கட்டைத் தொட்டு, முழங்கையைத் தொட்டு, தோளுக்கு ஏறி, கழுத்தைத் தேடிப் பிடித்தது. குளிர்ந்த விரல்கள் தொண்டைக் குழிக்கு மேல் வந்து நின்றன. இவள் விலகிக்கொள்ளவில்லை.

"பேசு" என்றார் மாமியார்.

"என்ன பேசட்டும்?"

"எதையாவது. எதிர்ல என்ன தெரியுதுன்னு சொல்லு."

இவள் வாயைத் திறந்தாள். எந்தக் குரலில் தொடங்குவது என்று தெரியவில்லை. காலையிலிருந்து பேசிப் பேசித் தொண்டை காய்ந்து கிடந்தது. வந்தது கரகரவென்று, அங்கங்கே உடைந்து வந்தது.

"ஒரு தண்ணி லாரி நிக்குது அத்தை. குழாய் சரியா மூடல, ஒழுகிட்டே இருக்கு. ரோட்டுல ஓரமா ஓடுது. ஒரு நாய் லாரிக்கு அடியில பூந்து குடிக்குது. லாரி டிரைவர் இன்னும் பாக்கல..."

விரல்கள் அழுத்தவும் இல்லை, எடுக்கப்படவும் இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அவற்றின் கீழே ஏதோ ஏறி இறங்கியது. சிக்னல் மாறி, பின்னால் ஹாரன்கள் எழுந்தன. லாரி ஒரு குலுக்கலோடு நகர, நாய் ஈர வாயோடு வெளியே ஓடி வந்து, நடுரோட்டில் எந்தப் பக்கம் போவது என்று நின்றது. இவள் அதையும் சொன்னாள்.