பயிற்சி வாசகர்

முதலில் தன்னுடைய பிறந்த வருடத்தை அழுத்தினாள் சின்னு. தவறு என்றது அம்மாவின் ஃபோன். அப்பா இறந்த வருடத்தை அழுத்தினாள். அதுவும் இல்லை. அண்ணனின் பிறந்த வருடத்தை அழுத்தும்போது, இது மட்டும் சரியாக இருந்துவிடக் கூடாது என்று நினைத்துக்கொண்டாள். இருக்கவில்லை. சற்றுப் பொறுத்து முயலும்படி சொல்லிவிட்டுத் திரை இருண்டது.

இருண்ட பிறகும் ஃபோன் சும்மா இருக்கவில்லை. டிங் என்றது. கொஞ்சம் விட்டு மறுபடி டிங். யாரோ அம்மாவுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருந்தார்கள். பூட்டிய திரையில் எண்ணிக்கை மட்டும் ஏறியது. என்ன எழுதியிருக்கிறார்கள் என்று காட்டவில்லை.

அம்மா கூடத்தில் கட்டிலில் படுத்திருந்தாள். முந்தின நாள் மாலை, நூலகத்தில் புத்தகம் வழங்கும் மேசையில், கணினிக்கு முன்னால் தலை சாய்ந்திருக்கிறாள். தூங்குகிறாள் என்று நினைத்துச் சற்று நேரம் யாரும் எழுப்பவில்லையாம். மருத்துவமனையில் மரணத்தை உறுதிப்படுத்துவதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை. சின்னு வேறு ஊரிலிருந்து கிளம்பி வந்து சேர்ந்தபோது, கட்டிலுக்கு விரிப்பு மாற்றி, அம்மாவுக்கு உடை மாற்றி, தலை வாரி எல்லாம் முடிந்திருந்தது. அண்ணி செய்திருந்தாள்.

வாசலில் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்த அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"சின்னு, ஃபோன் திறந்துச்சா? ஸ்டூடியோக்காரர் போட்டோ எங்க, போட்டோ எங்கன்னு உயிர வாங்கறாரு."

"திறக்கறேன்."

"நம்பர் தெரியும்ல? இல்லன்னா அண்ணிகிட்ட குடு, அவ..."

"தெரியும்ணா. நீ போ."

அவன் போனான். தெரியாது என்பதை அண்ணியிடம் போய்ச் சொல்வதைவிட, ஃபோன் திறக்காமலே இருப்பது மேல் என்று அவளுக்குத் தோன்றியது.

நூலகத்தில் எல்லாம் ஆன்லைனுக்கு மாறியது போன வருடம். அதுவரை அம்மா முத்திரை குத்திப் புத்தகம் கொடுத்துக்கொண்டிருந்தாள். இனி பதிவு, புதுப்பித்தல், தவணை நினைவூட்டல் எல்லாம் திரையில்தான். வாரம் ஒருமுறை வாசகர்களோடு வீடியோவில் பேசவும் வேண்டும். ஓய்வுபெறும் வயதில் இது என்ன தலைவிதி என்று அம்மா புலம்பினாள். சின்னு வேதியியல் படித்தவள். தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் வேலை. நாள் முழுக்கக் கருவிகளோடும் கணினியோடும்தான் பிழைப்பு. "நான் சொல்லித் தர்றேம்மா" என்று முதலில் சொன்னது அவள்தான். "நீ லீவுல வர்றதே ஒரு நாளு. தூங்கு போ" என்றாள் அம்மா.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து வந்து பார்த்தால், சாப்பாட்டு மேசையில் அம்மாவும் அண்ணியும் தோளோடு தோள் உரச ஒரே மடிக்கணினிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணி வீட்டில் துணி தைத்துக் கொடுப்பவள். அதற்கு முன் கணினியைத் தொட்டதில்லை. பழகுவதற்கென்று கொடுத்திருந்த மென்பொருளில் பொய்யாக ஒரு வாசகர் வேண்டுமாம். அம்மா அண்ணியைப் பதிந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் அண்ணிக்குப் பெயரே மாறிப்போனது.

"வாசகரே, உங்க பேர்ல ஒரு புத்தகம் தவணை தாண்டிப் போச்சு. அபராதம் கட்டினாதான் சாப்பாடு."

"உங்க புள்ள தலைல கட்டுங்க அத்தை. என்னையே அவர் தலைலதானே கட்டினீங்க."

இருவரும் சிரித்து ஓய்வதற்குள் தட்டில் இருப்பது ஆறிவிடும். "என்னம்மா ஜோக்கு?" என்று சின்னு கேட்டால், "அது லைப்ரரி விஷயம்டி. உனக்குப் புரியாது" என்பாள் அம்மா. முதுகலையில் தங்கப் பதக்கம் வாங்கியவள், தட்டைப் பார்த்துச் சாப்பிடுவாள்.

டிங் என்றது ஃபோன்.

கூடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் மட்டும் இருந்தார்கள். சின்னு கட்டிலை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள். ஃபோனைத் துப்பட்டாவுக்குள் வைத்துக்கொண்டு அம்மாவின் வலக்கையை எடுத்தாள். கனத்தது. கட்டைவிரல் மடங்க மறுத்தது. திறக்காது என்று அவளுக்குத் தெரியும். ஃபோனின் அடியில் இருக்கும் அந்தச் சிறு பொத்தான் விரலின் கோடுகளை மட்டும் பார்ப்பதில்லை. உயிருள்ள தோலின் ஈரத்தையும், அந்த ஈரத்தில் தங்கும் மிகச் சிறிய மின்சாரத்தையும் தேடும். வேறு யாராவது கேட்டிருந்தால் அவளே விளக்கியிருப்பாள். ஆனாலும் வைத்து அழுத்தினாள். திரை எதுவும் சொல்லவில்லை, தவறு என்றுகூட. அம்மாவின் விரலைத் தன் உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்துத் தேய்த்தாள். வாயருகே கொண்டுபோய் ஊதினாள். மறுபடி வைத்தாள்.

"பாவம், கைய விடமாட்டேங்குது பாரு பொண்ணு" என்றாள் ஒருத்தி. மற்றவள் மூக்கை உறிஞ்சினாள்.

சின்னு நிமிர்ந்தபோது அடுக்களை வாசலில் தண்ணீர் ஜாடியோடு அண்ணி நின்றிருந்தாள். துப்பட்டாவுக்குள் வெளிச்சம் தெரிந்திருக்க வேண்டும். அண்ணி ஜாடியை வைத்துவிட்டு வந்து, அம்மாவின் கையை வாங்கிப் பழையபடி வயிற்றின் மேல் வைத்து, விரல்களை நேராக்கினாள். பிறகு சின்னுவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையிலிருந்த ஃபோனில் தன் கட்டைவிரலை வைத்தாள்.

திறந்துகொண்டது.

ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல். அதை ஃபோன் ஒரு கணத்தில் அடையாளம் கண்டுகொண்டது.

"போட்டோ இதுல இருக்கு" என்று அண்ணி தேடினாள். தேடினாள் என்றுகூடச் சொல்ல முடியாது. எது எங்கே என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. "வீடியோ மீட்டிங்குக்கு முகம் வைக்கணும்னாங்க. நான்தான் எடுத்தேன். சிரிக்கச் சொன்னா மொறைப்பாங்க. சிரிக்காதீங்க அத்தைன்னேன். சிரிச்சிட்டாங்க."

படத்தில் அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். கண்கள் கேமராவுக்குச் சற்று மேலே, எடுப்பவளைப் பார்த்தன. சின்னுவிடம் இருக்கும் எந்தப் படத்திலும் அம்மாவுக்கு இந்த முகம் இல்லை.

"நல்லா இருக்கு" என்றாள். சொன்ன பிறகு வாய் கசந்தது. "இதெல்லாம் என்ன மெசேஜ்?"

அண்ணி ஒன்றைத் திறந்து பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ அத்தை."

அன்று காலைக்கென்று அம்மா முன்கூட்டியே நேரம் குறித்து வைத்திருந்த நினைவூட்டல்கள், நூலகம் திறக்கும் நேரத்துக்குத் தாமாகக் கிளம்பிப் போயிருந்தன. நூலகத்தின் எண் இருக்க வேண்டிய இடத்தில் அம்மா தன் எண்ணைப் போட்டுவிட்டிருந்தாள். பதில்கள் இங்கே வந்து விழுந்துகொண்டிருந்தன. நாளைக்குக் கொண்டு வரேன் மேடம். காய்ச்சல் மேடம், ஒரு வாரம் குடுங்க. கடைசி அத்தியாயம்தான் பாக்கி, திட்டாதீங்க.

"நம்பர மாத்தணும்னு சொல்லிட்டே இருந்தாங்க" என்றாள் அண்ணி. "நேத்து கிளம்பும்போதுகூட, நாளைக்கு ஒக்காந்து மாத்திடுவோம் வாசகரேன்னுட்டுப் போனாங்க."

அந்த 'நாளை'க்குள்ளும் சின்னு இல்லை.

சற்று நேரத்தில் நூலகத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். தலைமை நூலகர், இரண்டு மூன்று பெண்கள், எல்லோரும் கோந்து என்று கூப்பிடும் புத்தக பைண்டர். தலைமை நூலகர் பூக்களை வைத்துவிட்டு, நேராக அண்ணியின் முன்னால் போய் நின்றார்.

"நீங்கதானே பொண்ணு? உங்களப் பத்திப் பேசாத நாளே இல்லம்மா."

"நான் மருமக சார். பொண்ணு அதோ."

அவர் திரும்பிச் சின்னுவைப் பார்த்தார். "ஓ, லேப்ல இருக்கறவங்க" என்று தலையசைத்தார். மறுபடி அண்ணியிடம் திரும்பினார். "அப்ப நீங்கதான் எங்க பயிற்சி வாசகர்."

"இவங்கள மாதிரி வாசகர் எங்க லைப்ரரிலயே கிடையாதும்மா" என்றார் கோந்து. "ஒரே நாள்ல நூறு புத்தகம் எடுத்தாங்க, நூறையும் அன்னிக்கே திருப்பிக் குடுத்தாங்க. ஒரு பக்கம் கிழியணுமே! எல்லாரும் இப்படி இருந்தா எனக்கு வேலையே இருக்காது."

யாரோ சிரித்துவிட்டு, சிரிப்பை இருமலாக மாற்றினார்கள்.

தலைமை நூலகர் தோள்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார்.

"காலைல எனக்கும் வந்துச்சும்மா மெசேஜ். அன்பு வாசகரே, உங்கள் புத்தகத்தின் தவணை முடிந்தது, காத்திருக்கிறோம்னு. அவங்க நம்பர்லேர்ந்து. நானே தவணை தாண்டிட்டேன். லைப்ரரில வச்சிட்டு வர மனசு வரல."

யாரிடம் கொடுப்பது என்று ஒரு கணம் பார்த்தார். சின்னுவின் கை பாதி உயர்ந்தது. அவர் அண்ணியிடம் கொடுத்தார்.

அண்ணி இரண்டு கைகளாலும் வாங்கினாள். அட்டையை முந்தானையால் துடைத்தாள். "அபராதம் வேணாம் சார்" என்றாள். காலையிலிருந்து அழாமல் ஓடிக்கொண்டிருந்தவள், அதைச் சொல்லிவிட்டு உடைந்தாள். நூலகத்துப் பெண்கள் அவளைச் சூழ்ந்து பிடித்துக்கொண்டார்கள். சின்னு சுவரோரம் நின்று பார்த்தாள். என் அம்மா போனதற்கு வேறு யாரையோ தேற்றுகிறார்கள். அந்த நினைப்பு அவளுக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் அது மனதை விட்டுப் போகவில்லை.

அவர்கள் போன பிறகு அண்ணி முகத்தைக் கழுவிவிட்டு வந்து ஃபோனை எடுத்தாள். காய்ச்சல்காரருக்குப் பதில் தட்டச்சு செய்யத் தொடங்கினாள். ஒடம்பப் பாத்துக்கங்க, புத்தகம் எங்கயும் ஓடிடாது. அம்மா பேசுவது போலவே இருந்தது.

"அம்மா பேர்ல நீங்க எழுதாதீங்க" என்றாள் சின்னு.

குரல் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்கள் திரும்பினார்கள். அண்ணி எழுதியதை அழித்தாள், எழுத்து எழுத்தாக.

"சரி. நீயே எழுது."

சின்னு வாங்கிக்கொண்டாள். மேடம் என்று அழைப்பவர்களுக்கு அம்மா என்ன சொல்லித் தொடங்குவாள்? வணக்கமா? அன்பு வாசகரே என்பதா? இல்லை, நேரடியாக விஷயமா? யோசித்துப் பார்த்துவிட்டு, ஃபோனை ஓசையில்லாமல் ஆக்கி வைத்தாள்.

மதியம் வண்டி வந்தது. போனார்கள். திரும்பி வந்தார்கள். வெயில் தாழ்ந்தபோது வீட்டில் அவர்கள் மூவர்தான். அண்ணன் மாடியில் போய்ப் படுத்துவிட்டான். அண்ணி பாத்திரம் தேய்த்தாள். சின்னு கழுவியவற்றைத் துடைத்து அடுக்கினாள்.

"அண்ணி, அம்மா ஏன் எங்கிட்ட கத்துக்கல?"

அண்ணி தட்டைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

"உனக்கு எல்லாம் தெரியும்ல. தெரிஞ்சவங்க பக்கத்துல இருந்தா கை ஓடாதும்பாங்க. எனக்கு ஒரு எழவும்..." நாக்கைக் கடித்துக்கொண்டாள். "எனக்கு ஒண்ணும் தெரியாதுல்ல. ரெண்டு பேரும் சேர்ந்து தப்புத் தப்பா அமுக்குவோம். அதுல ஒரு சவுரியம்."

சின்னு ஒரே தட்டை நெடுநேரம் துடைத்தாள். தெரியாமல் இருப்பதை அவள் எங்கே போய் வாங்கி வந்து அம்மாவுக்குக் கொடுத்திருக்க முடியும்?

"ஃபோன் பூட்டு நம்பர் என்ன?"

"லைப்ரரி ஃபோனோட கடைசி நாலு நம்பர்."

யாருடைய பிறந்த வருடமும் இல்லை. அதுவரைக்கும் நிம்மதி.

துணியை வைத்துவிட்டுப் போய்ச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள். எண்ணை அழுத்தித் திறந்தாள். அமைப்புகளுக்குள் போனாள். பூட்டு. விரல்ரேகை. இரண்டு வரிகள் இருந்தன: விரல் 1, விரல் 2. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சிறிய குப்பைத்தொட்டிப் படம்.

இரண்டாவது அண்ணியுடையது. அம்மா தன் விரலை வைத்துப் பழகிய பிறகுதானே அடுத்தவள் விரல். சின்னு அந்தத் தொட்டியைத் தொட்டாள். நீக்கவா என்று கேட்டது ஃபோன். இதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அண்ணிக்கு எண் தெரியும். வேண்டுமென்றால் எல்லோரையும் போல அழுத்தித் திறந்துகொள்ளட்டும்.

ஆய்வகத்தில் ஒரு மாதிரியைக் கொட்டுவதற்கு முன்னால் குப்பியில் ஒட்டிய சீட்டை இன்னொரு முறை பார்க்க வேண்டும். கொட்டியது கொட்டியதுதான். அந்தப் பழக்கம் அவள் விரலை நிறுத்தியது. வேண்டாம் என்பதை அழுத்தினாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் வாங்களேன்."

அண்ணி ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள்.

"இதுல விரல வைங்க."

"எதுக்கு?" என்றாள். பதிலுக்குக் காத்திருக்காமல் வைத்தாள்.

முதல் வரி ஒளிர்ந்து அடங்கியது.

"இன்னொரு தடவ."

முதல் வரிதான்.

"என்னோடதத்தான் மொதல்ல வச்சாங்க" என்றாள் அண்ணி. "ஷாக் அடிக்குமோன்னு பயம் அத்தைக்கு. வாசகரே, நீங்க வச்சுப் பாருங்க, ஒண்ணும் ஆகலன்னா நான் வைக்கறேன்னாங்க." சிரிக்கத் தொடங்கி, பாதியில் விட்டாள். "ஏன் சின்னு, எதாவது ரிப்பேரா?"

"இல்ல. சும்மா."

"டீ போடறேன். காலைலேர்ந்து நீ ஒண்ணும் குடிக்கல."

அண்ணி அடுக்களைக்குள் போனாள். அடுப்பைப் பற்றவைக்கும் ஓசை கேட்டது.

திரையில் இரண்டு வரிகளும் இருந்தன. இரண்டாவது வரி அம்மாவுடையது. அதற்கு மேலே சின்னுவின் கட்டைவிரல் படாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் திரை மங்கத் தொடங்கியது. அணைந்துவிடாமல் இருக்க ஓரமாகத் தொட்டாள். வெளிச்சம் வந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டாள்.