நாற்காலி ஏற்றப் போன வண்டி

குழந்தை லுசுங்கு கடைசியாகக் கேட்டது தண்ணீர்தான், கடவுளை அல்ல. ஆனால் அதை யாரும் என்னிடம் கேட்கப்போவதில்லை என்று நினைத்துக்கொண்டாள் டொவேரா.

கோயில் சமையற்கட்டுக்குப் பின்னால், நீல பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றில் அவளை உட்காரவைத்து, மாதர் சங்கத் தலைவி நியாகயாங்கே அவள் தலையில் போதகர் மனைவிகள் அணியும் வெள்ளைத் துணியைக் கட்டிக்கொண்டிருந்தாள். மலைக் கிராமங்களில் உபதேசியாராகக் காலந்தள்ளிய கணவன் யோத்தாமுக்கு இன்று போதகர் அபிஷேகம். மனைவி முதலில் எழுந்து, ஊழியத்தில் கர்த்தர் நடத்திய விதத்தைச் சபைமுன் சாட்சி சொல்லவேண்டும். அவள் வாய் திறக்காவிட்டால் அவன் தலைமேல் யாரும் கை வைக்கமாட்டார்கள்.

அடுப்பருகே பெண்கள் பெரிய துடுப்புகளால் மக்காச்சோள மாவைக் கிண்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய போதகர் கார் சத்தம் கேட்டாலே ஊர்க் கோழியெல்லாம் முழங்கால்படியிடும் என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். டொவேராவும் சிரித்தாள். தனக்கு இன்னும் சிரிப்பு வருகிறதே என்று அடுத்த கணம் உடம்பு கூசியது.

நியாகயாங்கே கெட்டவள் அல்ல. பிள்ளையைப் புதைத்த பிறகு பாயில் பக்கத்திலேயே கிடந்தவள், கஞ்சியை ஊட்டிவிட்டவள். அதனால்தான் அவள் சொல்வதைத் தட்டுவது இவ்வளவு கஷ்டமாக இருந்தது.

"முடிவுல மட்டும் மறந்துடாத. 'என் பிள்ளைய எடுத்துக்கிட்டது கர்த்தரோட சித்தம், அவருக்கு ஸ்தோத்திரம்'னு சொல்லிரு. சனம் அழும். போதும்." துணியின் முடிச்சை இறுக்கினாள். "என் ரெண்டு பிள்ளைங்களப் புதைச்சப்பவும் நான் அதத்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கமே வந்துச்சு."

டொவேராவுக்கு மழைக்காலத்து அந்த மதியம்தான் கண்முன் நின்றது. காய்ச்சலில் குழந்தையின் உடம்பு விறைக்கத் தொடங்கியதும் யோத்தாம் மேட்டில் ஏறிப் போன் செய்தான். சபை வண்டி வருகிறது என்று திரும்பி வந்து சொன்னான். சுவரோரம் சைக்கிள் சாய்ந்திருந்தது. பிள்ளையை உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போய்விடலாம், நானும் பிடிக்கிறேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் வந்து நின்றார். சேற்றில் பிள்ளை குலுங்கும், யாருடைய வேலையைச் செய்கிறோமோ அவர் நம்மைக் கைவிடமாட்டார் என்று சொல்லி யோத்தாம் முழங்காலில் நின்றான். இருட்டும்வரை நின்றான். வண்டியோ, வருடாந்தரக் கூட்டத்துக்கு நாற்காலி ஏற்ற நகரத்துக்குப் போயிருந்தது. மறுநாள்தான் வந்தது, சவப்பெட்டிக்கான பலகைகளோடு.

அதன் பிறகு அவளை யாரும் 'லுசுங்குவின் அம்மா' என்று அழைக்கவில்லை. உபதேசியாரம்மா என்றார்கள். இன்று மாலையிலிருந்து போதகரம்மா என்பார்கள்.

கடவுளோடு அவளுக்குச் சிறுமியாக ஏரியில் தண்ணீர் மொண்ட காலத்திலிருந்தே பேச்சு உண்டு. ஒருமுறை அவள் அப்பா அடுத்தவர் மீன்வலையை அறுத்துவிட்டதாக ஊரே வாசலில் கூடியது. அம்மாவிடம் எந்த ஆதாரமும் இல்லை. "அவரு அப்படிப்பட்டவரு இல்ல" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினாள். டொவேராவுக்குக் கடவுளைத் தெரிந்திருப்பதும் அப்படித்தான். அந்த மதியம் அவர் எங்கே இருந்தார் என்று அவளுக்குத் தெரியாது. கேட்டுக் கேட்டு அவளுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஆனால் யாரோ நாற்காலி ஏற்றப் போனதற்காக ஒரு குழந்தையை எடுத்துக்கொள்கிறவர் அல்ல அவர்.

உள்ளே பாட்டு தொடங்கிவிட்டது. யோத்தாம் வெள்ளை அங்கியில் வந்து நின்றான். கழுத்துப் பட்டை அவனுக்குப் பெரிதாக இருந்தது. அவள் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டான்.

"சொல்லிரு டொவேரா" என்றான் மெதுவாக. "அவர் சித்தம் இல்லன்னா…"

அவன் முடிக்கவில்லை. முடிக்காததை அவள் அறிவாள். அவர் சித்தம் இல்லையென்றால், அந்தச் சைக்கிள்தான் மிஞ்சும். அவன் இரவெல்லாம் புரண்டு படுப்பது அவளுக்குத் தெரியும். ஒரே ஒரு வாக்கியத்தில் அவனைத் தூங்கவைத்துவிடலாம். இந்த அங்கியும் வீடும் சோறும்கூட அந்த வாக்கியத்தில்தான் இருந்தன. அவள் நாக்குவரை அது வந்தது.

எழுந்தாள். தலைத்துணியின் முடிச்சை அவிழ்த்து, நான்காக மடித்தாள். அடுப்பருகே துடுப்புகள் நின்றுபோயின.

"லுசுங்குவோட அப்பா" என்றாள். அந்தப் பெயரில் யாரும் கூப்பிட்டு வெகுகாலமானதால் அவன் திடுக்கிட்டான். "நீங்க எந்தக் காட்டுக்குப் போனாலும் நான் வர்றேன். சாகுறவரைக்கும் ஊழியம் செய்றேன். அத மட்டும் அவர் மேல போட மாட்டேன். அவர் அப்படிப்பட்டவர் இல்ல."

நியாகயாங்கே ஏதோ சொல்ல வாயெடுத்து, மடித்த துணியையே பார்த்துக்கொண்டு நின்றாள். டொவேரா அதை நீல நாற்காலியின் மேல் வைத்தாள். உள்ளே அதே பாட்டை மறுபடியும் முதலிலிருந்து எடுத்தார்கள். யோத்தாம் வாசல் பக்கம் திரும்பினான். அங்கே சபையின் வெள்ளை வண்டியிலிருந்து இன்னும் நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள், ஒன்றன்மேல் ஒன்றாக.