மூடாத வால்வு

இருபது மீட்டராக இருக்க வேண்டிய இடைவெளி அறுநூறாகிவிட்டது. ஜஹானா திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்டி ஆய்வுகூடத்தில் அவளால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான்.

மேலே இரண்டு சிறு செயற்கைக்கோள்கள். ஒரே நட்சத்திரத்தின் ஒளியை இரண்டும் வாங்கி ஒன்றாகச் சேர்க்க வேண்டும். அளந்த இடைவெளியில் நின்றால் நட்சத்திரத்தின் ஒளி தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்; பக்கத்தில் சுற்றும் கோளின் மங்கிய வெளிச்சம் மட்டும் மிஞ்சும். ஏழு நாட்டார் சேர்ந்து செய்த வேலை. கண்டியிலிருந்து போனது ஒரேயொரு வாயு வால்வு. அது குளிரில் இறுகி, மூட மறுத்து, கசியும் வாயுவால் ஒன்றை மற்றதிடமிருந்து தள்ளிக்கொண்டே போகிறது. துரத்திப் பிடிக்க எரிபொருளும் இல்லை.

"மிஸ், இன்னொருக்கா மூடச் சொல்லிப் பார்ப்பமா?" என்றான் திலக்ஷன். வால்வைச் சோதித்தவன் அவன்.

"பதினேழு தரம் சொல்லியாச்சு தம்பி."

"நிறைஞ்ச கம்பளை பஸ்ஸுக்குக் கை காட்டுற மாதிரிதான்." சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை.

குளிர்ப்பெட்டியில் ஐந்து முறை சோதித்திருக்க வேண்டும். நான்குதான் நடந்தது. ஐந்தாவதைச் செய்ய வேண்டிய அன்று பெரஹரா ஊர்வலம். வீதிகளை மூடிவிட்டால் அவன் கம்பளைக்குப் போக முடியாது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அம்மா வீட்டில் தனியே. "நாலும் சரிதானே, நீங்க போங்க" என்று அனுப்பியவள் ஜஹானா. தானும் திகனையிலுள்ள வீட்டுக்குப் புறப்பட்டாள். மறுநாள் காலையே வால்வு விமானமேறியது.

இப்போது திட்டத் தலைமையிடமிருந்து மின்னஞ்சல் வந்திருந்தது: ஐந்தாவது சோதனையை விட்டவர் யார்?

"என் பேரப் போடுங்க மிஸ். அடுத்த திட்டத்துக்கு உங்களத்தானே தலைவியாக்கப் போறாங்க."

"ஒங்கட வேலை அடுத்த மாசத்தோட முடியுது. ஒங்கட பேரப் போட்டா பொறகு யாரு வேலைக்கு எடுப்பாங்க?"



பள்ளிவாசலிலிருந்து அஸர் தொழுகைக்கு அழைக்கும் பாங்கு கேட்டது. அவனை அனுப்பியதற்காக வருந்தப் பார்த்தாள், மனம் ஒப்பவில்லை. தான் இருந்து அந்தச் சோதனையைச் செய்யாமல் போனதுதான் நெஞ்சை அறுத்தது. அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்கவும் அது ஒன்றே இருந்தது.

பதிலில் தன் பெயரைத் தட்டினாள். அனுப்பினாள். மேலே ஒன்றும் மாறவில்லை.

"எழும்புங்க தம்பி. அம்மாவுக்கு மருந்து குடுக்கிற நேரம். பஸ் போயிரும்."

அவன் தயங்கித் தயங்கிப் படியிறங்கும் சத்தம் ஓயும்வரை காத்திருந்தாள். தொழுதுவிட்டு வந்து பார்த்தபோது, அறுநூற்று நாற்பது.